வலப்பக்கப் பலகை

மஹேபூரில், புனித கிளாரா பள்ளி வாசலில்
இரண்டு பலகைகள்.
இடப்பக்கம் பிரெஞ்சு. அதை ஊரே படிக்கும்.
வலப்பக்கம் என்னுடையது.
வாசகர் பதினொரு பேர்,
அதில் மூவருக்கு இன்னும்
ரகரமும் றகரமும் ஒன்றுதான்.

ஆகவே நான் உண்மையை எழுதலாம்.

புயலில் நான்காம் வகுப்பின் கூரை
சற்றே சேதமுற்றது என்கிறது இடப்பக்கம்.
தகரம் பறந்துபோய் மீன்சந்தையருகே விழுந்தது,
மிஸ்யே லி வா அதைக் கோழிக்கூண்டுக்குப் போட்டுக்கொண்டார்,
கேட்கப்போனால் நன்றி என்கிறார்
என்று நான் எழுதினேன்.

புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் பதினேழு பேர்
என்று எழுதிய நாளில்
முருகேன் வேலாய்டன் கேட்டான்:
மிஸ், பழைய நன்மையை என்ன செய்வார்கள்?
அவன் வீட்டிலும் காவடி, என் வீட்டிலும் காவடி,
இருவருக்கும் தெரியவில்லை.
சிஸ்டர் ஃபிலோமேன் சிரித்துவிட்டு
கேள்வியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிட்டார்,
ஞாயிறு மறையுரை அதிலேயே ஓடியது.

பலகையின் தலைப்பை எழுதியவர் தெசிரே.
காவலாளி, தோட்டக்காரர், மணி அடிப்பவர்.
தமிழ் தெரியாது.
என் தாளைப் பார்த்துப் பார்த்து
படகுக்குப் பூசிய நீலத்தின் மிச்சத்தில் வரைந்தார்:
அறிவிபபு.
ஒரு புள்ளி விட்டுப்போயிற்று.
ஈ உட்கார்ந்த கறை என்று நினைத்தாராம்.
சொல்லலாம் என்றிருந்தேன். பெயின்ட் காய்ந்துவிட்டது.

பிறகு தவக்காலம், நான்காம் வாரம்.
மணிக்கயிற்றடியில் சாய்ந்து உட்கார்ந்தவர்
எழுந்திருக்கவில்லை.
அன்று யாரும் மணி அடிக்காமலே
பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள்.
இடப்பக்கம் அதை எழுதவில்லை.
நானும்.

போன சனிக்கிழமை ஃபான்சி ஃபேர், கூரைக்காக.
நானூற்றறுபது மிளகாய் வடை போட்டோம்.
ஊர் அதைக் காத்தோ பிமா என்று வாங்கித் தின்றது.
ஐந்து மணிக்குக் குலுக்கல்.
முதல் பரிசு ரைஸ் குக்கர்.
பங்குத்தந்தை வாளிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார்,
திருப்பினார், தலைகீழாய்த் திருப்பினார்,
மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.
ஓர்னெல்லா எட்டிப் பார்த்து
உள்ளது உள்ளபடி கத்தினாள்:
அ-றி-வி-ப-பு!
பதினொரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
இப்படியும் ஒருவருக்குப் பெயரா மிஸ்?

பெயர் எழுதும் கோட்டின்மேல்
அவர் எழுதத் தெரிந்திருந்த
ஒரே தமிழ்ச் சொல்.
பிப்ரவரியில் நான்தான் விற்றேன்,
ஐம்பது ரூபாய், எல்லாம் சில்லறை.
எண்ணுகிற மும்முரத்தில்
சீட்டைப் பார்க்கவில்லை.

செவ்வாயன்று கமிட்டி கூடியது.
மறுபடி குலுக்கலாம் என்றார் பொருளாளர்.
ரீயூனியனில் இருக்கும் மகனுக்குத்
தபாலில் அனுப்பலாம் என்றார் ஒருவர்,
தபால் செலவில் இன்னொரு குக்கர் வரும் என்றார் மற்றவர்.
சிஸ்டர் ஃபிலோமேன் தொண்டையைச் செருமிக்கொண்டு,
குக்கர் நேற்றே பள்ளிச் சமையலறையில் ஏறிவிட்டது,
மகனைக் கேட்டாயிற்று,
மூடியைத் தொலைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னான்
என்றார்.

இனி வரவிருப்பவை.
திங்கள்: கூரை வேலை தொடக்கம்.
நான்காம் வகுப்பு கோயில் பின்னறையில் நடக்கும்,
மெழுகுத்திரிகளைக் கடித்துப் பார்க்கக்கூடாது, முருகேன்.
செப்டம்பர் எட்டு இரவு: சேந்த் குருவாவுக்கு நடை.
காவடிக்கு வெறுங்காலில் நடந்தவர்களும்
ஷூ போட்டுக்கொண்டு வரவும்.
வியாழன்: சொல்வதெழுதுதல்.

வியாழன் முடிந்துவிட்டது.
பதினொரு தாளிலும் அறிவிபபு.
தினமும் பலகையைப் பார்த்துப் படித்த பிள்ளைகள்.
ஆளுக்கு அரை மதிப்பெண் குறைக்கவேண்டும்.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
மூடினேன்.

இதை இங்கே எழுதலாம்.
இடப்பக்கம் நிற்பவர்கள் படிக்கமாட்டார்கள்.